இடவப்பாதியிலும் இறுகாத டிராயர்: ஒக்கியில் சாய்ந்த மகோகனியில் ஒரு மேசை

டிராயரின் குமிழ் கையோடு வந்துவிட்டது. போன வருஷம் ஜூன் மாதம், இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை தொடங்கி நாலைந்து நாள்தான் இருக்கும். மகள் மேசைக்காலில் ஒரு பாதத்தை ஊன்றி இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். குமிழ் வந்தது, டிராயர் வரவில்லை. ஆதார் அட்டை உள்ளே, ஸ்கூல் வேன் வெளியே. கடைசியில் மேல் பலகையைக் கழற்றி அட்டையை எடுத்துக் கொடுத்தேன், கழற்றி என்று சொல்வது மரியாதைக்கு.

அது மாமரத்தில் செய்த மேசை. மாமரத்தின் மேல் பழி போட மாட்டேன், சரியாகக் காயாத பலகையில் டிராயர் அடித்ததுதான் கோளாறு. மாசியில் லொடலொடவென்று ஆடும், இடவத்தில் கவ்விக்கொள்ளும். நாங்கள் இருப்பது குழித்துறைக்குப் பக்கம். களியக்காவிளை தாண்டினால் கேரளா. இடவப்பாதி ஒன்று, துலாமழை ஒன்று என்று வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம், அதனால் இங்கே காலண்டரைப் பார்க்காமல் கதவு உரசுகிற சத்தத்தை வைத்தே என்ன மாதம் என்று சொல்லிவிடலாம்.

சரி, புது மேசை செய்துவிடலாம் என்று முடிவு செய்தேன். காய்ந்த தடி (எங்கள் பக்கம் அறுப்பு மரத்துக்கு அப்படித்தான் சொல்வது) கைவசம் இருந்தது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது மாமனாரின் ரப்பர் விளையில் பாதி ரப்பர் நடுவில் முறிந்து நின்றது. வேலியோரம் நின்ற மகோகனி வேரோடு சாய்ந்தது. இருபத்தைந்து வருஷத்து மரம். நாற்று விற்றவர் அன்றைக்கு அவரிடம் என்ன சொன்னார் என்பதை மாமனார் இன்றுவரை மறக்கவில்லை: பேத்தி கல்யாணத்துக்கு இந்த ஒரு மரம் போதும். புயலுக்குப் பிறகு வந்த தடி வியாபாரி விறகு விலைக்குக் கொஞ்சம் மேலே கேட்டார். "வெள்ளை ஜாஸ்தி, காதல் கம்மி" என்றார். வெளியூர்க்காரர்களுக்காக: எங்கள் பக்கம் காதல் என்றால் மரத்தின் வைரம், நடுவில் இருக்கிற நிறம் ஏறிய பகுதி. வெள்ளை என்றால் அதைச் சுற்றி வெளுப்பாக இருப்பது. வியாபாரி சொன்னது பொய்யில்லை. இளவயதில் வெட்டுகிற மகோகனியில் வெள்ளை அகலமாகத்தான் இருக்கும். அதோடு இந்த மரம் ஒன்பது அடியிலேயே மூன்றாகக் கவைத்துவிட்டது. குருத்தைத் துளைக்கிற ஒரு புழு உண்டு. வேம்பு, மலைவேம்பு, சந்தன வேம்பு, மகோகனி எல்லாம் ஒரே குடும்பம், அதில் மகோகனி, சந்தன வேம்பு மாதிரி மரங்களின் நுனிக்குருத்து என்றால் அதற்கு உயிர். குருத்து போனால் மரம் பக்கவாட்டில் கிளைத்துவிடும். விளம்பரப் படத்தில் நேராக அறுபது அடி போகிற மரத்தைப் பார்த்து நடுகிறவர்கள் இதை முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

விறகு விலைக்குக் கொடுக்க மனசு வரவில்லை, அப்போதே அறுப்பு மில்லுக்குக் கொண்டு போனேன். நடுவில் சுற்றளவு 52 அங்குலம், நீளம் 9 அடி. மில்லில் கணக்குப் போடுவது எப்படியென்றால், சுற்றளவை நாலால் வகுத்து (13), அதை அதாலேயே பெருக்கி (169), நீளத்தால் பெருக்கி 144ஆல் வகுப்பார்கள். பத்தரை கன அடி வரும். உருளையாக நினைத்துக் கணக்குப் போட்டால் உண்மையில் பதின்மூன்றரைக்குப் பக்கம். மிச்சம் மூன்று கன அடி எங்கே போனது என்று சண்டைக்குப் போக வேண்டாம். தூளிலும் புறப்பட்டையிலும் போகிறதற்காகப் பழைய காலத்தில் இருந்தே இப்படித்தான். பெரும்பாலும் ஒரு அங்குலப் பலகையாகவும், காலுக்காக மூன்று அங்குலத்தில் ஒரு கட்டையாகவும் அறுத்து, நட்டநடுப் பகுதியைத் தள்ளிவிட்டேன். அது எப்படியும் வெடிக்கும்.

உலர்த்துவதுதான் இதில் பாதி வேலை. அறுத்த அன்றே பலகைகளின் இரண்டு முனையிலும் மிச்சமிருந்த எனாமல் பெயின்ட்டை அடித்தேன், ஏனென்றால் முனை வழியாகத் தண்ணீர் வேகமாகப் போய்த்தான் வெடிப்பு விழும். பலகைக்குப் பலகை இடையே ஒரே கனத்தில் ரீப்பர் துண்டு, ஒன்றுக்கு மேல் ஒன்று நேராக வரும்படி, ஒன்றரை அடிக்கு ஒன்று. மேலே கடப்பாக்கல். ஈரமானி வாங்கவில்லை, சமையலறைத் தராசு போதும். பலகையில் இருந்து ஒரு சின்னத் துண்டை அறுத்து எடை போட்டேன், 77 கிராம். கேக் செய்கிற அவனில் நூறு டிகிரிக்குச் சற்று மேலே வைத்து எடை இறங்குவது நிற்கிற வரைக்கும் காயவைத்தால் 48 கிராம். ஆக 29 கிராம் தண்ணீர், காய்ந்த எடையில் 60 சதவீதம். அதே பலகையில் பக்கத்தில் எடுத்த இன்னொரு துண்டு 412 கிராம் இருந்தது. அதில் மரம் மட்டும் 257 கிராம் என்று கணக்கு. அதை அடுக்கிலேயே வைத்து மாதா மாதம் எடை போட்டு வந்தேன். 291 கிராமுக்கு வந்ததும் இறங்குவது நின்றுவிட்டது, 13 சதவீதம். இந்த ஊர்க் காற்றில் அதற்குக் கீழே சும்மா வைத்தால் போகாது.

இரண்டாவது வருஷம் அடுக்கின் அடியில் மைதா போல வெள்ளைத் தூள். உளுப்பு. வெள்ளைப் பகுதியில் மாவுச்சத்து இருக்கும், அதைத் தின்ன வருகிற குட்டி வண்டு, குண்டூசி கனத்துக்கு ஓட்டை போட்டு வெளியே வந்திருந்தது. மூன்று பலகை போச்சு. காதலை அது தொடவேயில்லை, வெள்ளைக்கும் காதலுக்கும் நடுவே கோடு கிழித்த மாதிரி நின்றிருந்தது. மீதிப் பலகைகளுக்கு போராக்ஸும் போரிக் பவுடரும் வெந்நீரில் கரைத்து இரண்டு கை பூசினேன். அறுத்த வாரமே செய்திருக்க வேண்டியது.

மூன்று பலகை போனதால் மேசைக்குத் தடி குறைந்தது. வாங்கப் போனேன். எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு கடை, அந்தப் பக்கம் ஒரு கடை, இரண்டிலும் மகோகனி கேட்டால் சிவப்பாக எதையாவது எடுத்துக் காட்டுகிறார்கள். மகோகனி என்ற பெயருக்கு அவ்வளவு மவுசு. அசல் என்பது மேற்கிந்தியத் தீவுகள், மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, அமேசான் பக்கத்து ஸ்வீட்டேனியா இன மரம். ஆப்பிரிக்க மகோகனி என்கிற காயா அதே வேம்புக் குடும்பத்துச் சொந்தக்காரன். பிலிப்பைன்ஸ் மகோகனி, மலேசிய மகோகனி என்று விற்பது பெரும்பாலும் மெராந்தி, அது சொந்தமே கிடையாது, குங்கிலியக் குடும்பம். கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பலகையின் முனையைக் கூரான பிளேடால் ஈரத்தில் ஒரு சீவு சீவி, பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். அசலில் வளர்ச்சி வளையத்தின் எல்லையில் மெல்லிய வெளுத்த கோடு தெளிவாக ஓடும். காயாவில் அந்தக் கோடு பெரும்பாலும் இருக்காது. மெராந்தியில் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாகக் கோர்த்த மாதிரி நிற்கும், அது பிசின் குழாய். முதல் கடையில் நான் லென்ஸை எடுத்ததும் கடைக்காரர் "சார் தங்கம் வாங்க வந்தீங்களா" என்றார். பார்த்ததும் புள்ளி வரிசை. இரண்டாவது கடையில் கோடு இருந்தது, வாங்கினேன்.

இந்த மவுசு எங்கிருந்து வந்தது என்பதில் ஒரு வேடிக்கை உண்டு. 1721இல் இங்கிலாந்து தன் அமெரிக்கக் காலனிகளில் இருந்து வருகிற தடிக்கு இறக்குமதி வரியை எடுத்துவிட்டது. வால்நட் மரத்தில் நாற்காலி செய்துகொண்டிருந்த லண்டன் ஆசாரிகள் ஜமைக்கா மகோகனிக்கு மாறினார்கள், நம்ம பத்மநாபபுரம் அரண்மனையில் மார்த்தாண்ட வர்மா இருந்து ஆண்ட அதே காலத்தில் அங்கே பெரிய வீட்டு மேசையெல்லாம் மகோகனி ஆகிவிட்டது. இந்தியாவுக்கு நாற்று வந்தது 1795இல், கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு. பெரிய இலை மகோகனி 1872இல் வந்தது. விளைகளில் நடுகிறது பெரும்பாலும் இந்தப் பெரிய இலைதான். காய் கிளையில் தொங்காது, வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்கும், வெடித்தால் இறக்கை வைத்த விதை சுற்றிச் சுற்றி இறங்கும். மகள் சின்ன வயதில் அதை மொட்டை மாடியில் இருந்து விடுவாள். வெட்டி வெட்டிக் காலி செய்ததால், தாயகத்துக் காட்டு மரத்துக்கு 2003 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாடு இருக்கிறது. நம் ஊரில் நட்டு வளர்த்ததற்கு அது பொருந்தாது.

இனி வேலை. அடுத்த வீட்டு ஆசாரி மாமாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, கை நடுக்கம், உளி பிடிப்பதில்லை. ஆனால் நான் இழைப்புளியைத் தொட்டால் போதும், மதிலில் வந்து உட்கார்ந்துவிடுவார். முதல் பலகையை இழைத்தேன். ஒரு விரல் அகலத்துக்குப் பட்டுப் போல வந்தது, அடுத்த விரல் அகலத்தில் நார் கிளம்பிப் பிய்ந்தது. பலகையைத் திருப்பிப் போட்டு எதிர்ப்பக்கம் இழைத்தேன். இப்போது நன்றாக வந்த இடம் பிய்ந்தது.

"தலைமுடி பின்னின மாதிரி தடி மக்கா. எந்தப் பக்கம் சீவினாலும் பாதி முடி எதிரிதான்" என்றார்.

அதுதான் விஷயம். மகோகனியில் நார் சில வருஷம் வலப்பக்கம் முறுக்கிப் போகும், அடுத்த சில வருஷம் இடப்பக்கம். சில மரத்தில் கம்மி, எங்கள் மரத்தில் தாராளம். இதே பின்னல்தான் பலகைக்கு அழகும் கொடுக்கிறது. காலுக்கும் டிராயர் முகப்புக்கும் எடுத்த துண்டுகள் வளையத்துக்குச் செங்குத்தாக அறுபட்டவை, அதில் வெளிச்சம் பட்டால் ரிப்பன் ரிப்பனாக ஒரு பட்டை இருட்டு ஒரு பட்டை வெளிச்சம், தலையை ஆட்டினால் இடம் மாறும். மாமா சொன்ன மருந்து மூன்று. இழைப்புளியின் மேல்தகட்டை வெட்டு முனைக்கு அரை மில்லிமீட்டருக்குள் கொண்டு வர வேண்டும், அப்போது சீவல் கிளம்பின உடனே முறிந்துவிடும், நாரைப் பிய்த்துக்கொண்டு போகாது. இரும்பை ஒவ்வொரு பலகைக்கும் தீட்ட வேண்டும். கடைசிக் கையை இழைப்புளி கொண்டு செய்யாமல் கண்ணாடிச் சில்லால் சுரண்ட வேண்டும். மூன்றாவதைக் கேட்டபோது பழைய காலத்துப் பழக்கம் என்று நினைத்தேன், அதுதான் வேலை செய்தது. ஜன்னல் கண்ணாடி உடைந்த துண்டு, துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் சாய்த்து இழுத்தால் பூந்தூளாக வரும், பிய்ப்பே கிடையாது. அதன் மேல் 180, 240 உப்புத்தாள்.

மற்றபடி இவ்வளவு சொன்னபடி கேட்கிற தடியை நான் தொட்டதில்லை. தேக்கில் மணல் சத்து உண்டு, உளி முனை சீக்கிரம் மழுங்கும். எண்ணெயும் உண்டு, பசை போடும் முன் துடைக்க வேண்டும். இதில் இரண்டு தொல்லையும் இல்லை. ஒன்றுக்குள் ஒன்று சொருகுகிற கழுந்தும் துளையும் சுத்தமாக விழுந்தது, டவ்டெயில் (புறாவால் வடிவ மூட்டு) வெட்டும்போது ஓரம் உதிரவில்லை. தேக்கை விடக் கொஞ்சம் மெது, நகத்தால் அழுத்தினால் வெள்ளைப் பகுதியில் தடம் விழும். தூள் மட்டும் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. முதல் நாள் முகக்கவசம் போடாமல் உப்புத்தாள் தேய்த்து ராத்திரி முழுக்க அவஸ்தைப்பட்டேன்.

ஒரு முட்டாள்தனத்தையும் எழுதிவிடுகிறேன். சாயங்காலம் மழைச்சாரல் விழ, ஈரப் பலகை மேலேயே இரும்பு மூலமட்டத்தை வைத்துவிட்டுப் போய்விட்டேன். காலையில் கரிக்கோடு போல ஒரு கறுப்பு. மரத்தில் இருக்கிற துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் மைதான். ஆக்ஸாலிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்து, கையுறை போட்டுத் தடவினேன், பத்து நிமிஷத்தில் போய்விட்டது. அதற்கப்புறம் திருகாணி எல்லாம் பித்தளை.

டிராயர் கணக்கு. இந்த மரம் பச்சையில் இருந்து எலும்பாகக் காய்கிற வரை வளையம் ஓடுகிற திசையில் 4 சதவீதத்துக்குச் சற்று மேலும், வளையத்துக்குக் குறுக்காக 3 சதவீதம் போலவும் சுருங்கும். தேக்குக்கு இது ஐந்தே காலும் இரண்டரையும். கூட்டிப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லையே என்று எனக்கும் முதலில் தோன்றியது. விஷயம் கூட்டுத்தொகையில் இல்லை, இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில்தான். ஒரு திசையில் அதிகமாகவும் இன்னொரு திசையில் குறைவாகவும் சுருங்கினால் பலகை கிண்ணம் போல வளையும். இரண்டும் பக்கம் பக்கமாக இருந்தால் பலகை கொஞ்சம் பெருக்கும், கொஞ்சம் இளைக்கும், ஆனால் தட்டையாகவே இருக்கும். மாமரத்து டிராயர் மாட்டிக்கொண்டதற்கும் பாதிக் காரணம் அதன் பக்கப் பலகை கிண்ணம் விழுந்ததுதான், உடைத்தபோது மட்டம் வைத்துப் பார்த்தேன்.

மாசிக்கும் இடவத்துக்கும் ஈரம் ஒரு 4 சதவீதம் ஏறும் என்று வைத்துக்கொண்டேன். ஒரு சதவீதம் ஏறினால் அகலத்தில் 0.14 சதவீதம் பெருக்கும். 5 அங்குல உயர டிராயருக்கு அது முக்கால் மில்லிமீட்டர் கூட வராது. மேலே ஒன்றரை மில்லி இடைவெளி விட்டேன். மேல் பலகை 22 அங்குல அகலம், மூன்று துண்டு ஒட்டியது. அதற்கு இதே கணக்கில் மூன்று மில்லி வரும். அதனால் சட்டத்தோடு ஆணி அடித்து இறுக்காமல், சட்டத்தின் உள்பக்கம் காடி எடுத்து, அதில் நகர்கிற மாதிரி மரக்குச்சிப் பிடிகளை வைத்துத் திருகினேன். பழைய மேசையில் ஆணி அடித்திருந்தார்கள், நடுவில் நீளத்துக்கும் வெடித்திருந்தது.

நிறம்தான் கொஞ்சம் ஏமாற்றம். சினிமாவில் வக்கீல் அறையில் பார்க்கிற கருஞ்சிவப்பு வரும் என்று மகள் எதிர்பார்த்தாள். எங்கள் மரம் செங்கல்லை நனைத்த மாதிரி இளஞ்சிவப்பு. வெயில் பட்டால் தானாகக் கறுக்கும், ஜன்னலோரம் இருந்த பலகையில் ஒரு நோட்டுப் புத்தகம் மூன்று வாரம் கிடந்து, எடுத்தபோது நோட்டு அளவுக்கு வெளுத்த சதுரம் தெரிந்தது. அவ்வளவு நாள் காத்திருக்க அவள் தயாரில்லை. ஸ்டெயின் வாங்கலாம் என்று கிளம்பினேன். மாமா தடுத்தார்: "வெற்றிலைக்குத் தேய்க்கற சுண்ணாம்பு இருக்கா வீட்டுல?"

இருந்தது. நீர்த்த சுண்ணாம்பை மோர் பதத்துக்குக் கரைத்து, முதலில் கழிவுத் துண்டில் பூசினேன். கண் முன்னாலேயே ஊதாவும் பழுப்புமாக மாறியது. காரம் பட்டால் அந்தத் துவர்ப்புச் சத்து கறுக்கிறது, அவ்வளவுதான் ரகசியம். இருபது நிமிஷம் விட்டு, காய்ந்ததும் நாரால் தேய்த்து உதிர்த்து, வினிகர் கலந்த தண்ணீரால் துடைத்தேன். துடைக்காமல் விட்டால் மரத்தின் நுண்துளைகளில் சுண்ணாம்பு வெள்ளைப் புள்ளியாக உட்கார்ந்துவிடும், மேசையின் அடிப்பக்கத்தில் அப்படி ஒரு இடம் இருக்கிறது, காட்ட மாட்டேன். ஒரு குறை, சுண்ணாம்புக்குக் காதல் கறுக்கிற அளவு வெள்ளை கறுக்காது. வெள்ளை கலந்த துண்டு எது என்று ஊருக்கே காட்டிக் கொடுத்துவிடும்.

அப்புறம் நுண்துளையை அடைக்க வேண்டும், இல்லையென்றால் எத்தனை கை பூசினாலும் பள்ளம் பள்ளமாகத் தெரியும். இங்கே வழக்கமாக சாக் பவுடரில் காவி கலந்து தேய்ப்பார்கள். நான் அரக்குப் பூச்சு இரண்டு கை கொடுத்து, அது ஈரமாக இருக்கும்போதே 320 தாளால் தேய்த்தேன், மரத்தின் தூளே அரக்கோடு குழைந்து துளையில் இறங்கும், நிறமும் மாறாது. மேலே ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு, துணிப் பொட்டலத்தால், நாளுக்கு மூன்று கை வீதம் நாலு நாள். மழை நாளில் செய்தால் பால் போல வெளுக்கும், அதனால் தை மாதம் வரை காத்திருந்தேன்.

இந்த வருஷம் இடவப்பாதி வந்து மூன்று வாரம் ஆயிற்று. வாசல் கதவு உரசுகிறது, பீரோ கதவு மூட மறுக்கிறது. டிராயர் ஒற்றை விரலுக்கு வருகிறது. ஒன்றரை மில்லி இடைவெளியில் பாதி மிச்சமிருக்கிறது, அஞ்சலட்டை ஒன்றை மடித்து நுழைத்துப் பார்த்தேன், போகிறது.

மாமாவும் வந்து இழுத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. டிராயரை முழுக்க வெளியே எடுத்து, கவிழ்த்து, பின்பலகையைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தார். அங்கே இரண்டு விரல் அகலம் வெளுத்த பட்டை ஒன்று இருக்கிறது. தடி போதாமல் பின்னால்தானே என்று வைத்தது.

"இது வெள்ளையாக்கும், கேட்டியா?"

"மருந்து அடிச்சிருக்கேன் மாமா."

"பாத்துக்க."

மாசத்துக்கு ஒரு தடவை டிராயரைக் கழற்றி, கீழே கறுப்புத் தாள் விரித்து, டார்ச் அடித்துப் பார்க்கிறேன். நேற்றும் பார்த்தேன். தூள் இல்லை.